சிவப்புக் கட்டம் போட்ட நோட்டு

சாலைப் பலகையைத் துடைத்து முடித்ததும் அவர் உடனே நகர்ந்துவிட மாட்டார். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தி எடுப்பார். பிசுபிசுப்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். பிறகு பலகையைப் பார்த்தபடியே பின்னால் நடப்பார், ஏழு அடி. ஏழாவது அடியில் முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, தலையை இடப்பக்கம் சாய்த்து அதைப் பார்ப்பார். எங்கள் வண்டியின் முன்கேமரா தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் அப்போது அவர் கண் இருக்கும். வண்டிக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறார். திருப்தியானால் மட்டும் ‘ம்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் அடுத்த பலகை.

தெருவில் போகிறவர்களுக்கு அது வேடிக்கை. “என்னண்ணே, போர்டுகிட்ட மன்னிப்பு கேக்கிறீங்களா?” என்று பழக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

“ஆமாப்பா. நேத்து கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுட்டேன், கோச்சுக்கிட்டு இருக்கு.”

அவருடைய பையில் மூன்று பொருள்கள் இருக்கும். பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற தகடு ஒன்று, மண்ணெண்ணெய் நனைத்த துணி ஒன்று, காகித உறைகள் ஒரு கட்டு. அந்தத் தகட்டால்தான் அவருக்குச் சுரண்டி என்று பெயர் வந்தது. எங்கள் பணிமனையில் எல்லாருக்கும் அவர் சுரண்டியண்ணன். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதை யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எங்கள் நிறுவனம் பதினான்கு வேன்களை ஓட்டியது. ஓட்டியது என்று சொல்வது பழக்கதோஷம். அவை தாமே ஓடின. மார்க்கெட், ரயில் நிலையம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று ஒரே வட்டத்தைக் காலையிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் இருக்கை கிடையாது. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஒரு வண்டி ஒரு பள்ளத்தைப் பார்த்துவிட்டால் மற்ற பதின்மூன்றுக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும். “ஊர் வம்பு மாதிரிதான், ஒருத்தி காதில விழுந்தா போதும்” என்பார் சுரண்டியண்ணன். வசதியும் அதில்தான், ஆபத்தும் அதில்தான். ஒரு வண்டியை ஏமாற்றினால் பதினான்கையும் ஏமாற்றியதாகிவிடும்.

ஏமாற்றுவதற்குப் பல வழிகள் உண்டு என்று எங்கள் பாதுகாப்புப் பிரிவின் பொறுப்பாளரான மேடம், புதிதாக வருகிறவர்களுக்குத் திரையில் படம் போட்டு விளக்குவார். வானொலி அலை வழியாக உள்ளே புகலாம். சார்ஜ் ஏற்றும் கம்பி வழியாகப் புகலாம். அப்டேட் என்று பொய்ப்பெயர் சொல்லிக்கொண்டு புகலாம். அதற்கெல்லாம் தலைமை அலுவலகத்தில் பெரிய பெரிய பொறியாளர்கள் காவல் இருந்தார்கள். கடைசிப் படத்தில் ஒரு சாலைப் பலகையும் அதன் மேல் ஒரு சிறு ஸ்டிக்கரும் இருக்கும். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக உடைந்த கண்ணாடிச் சில்லுகளைச் சேர்த்து வைத்ததுபோல ஒரு உருவம், ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சுத் தீற்றல். நம் கண்ணுக்கு அது கறை. கேமராவுக்கு அது வேறொரு வாசகம். ‘நில்’ என்ற பலகையில் சரியான இடத்தில் அதை ஒட்டிவிட்டால் வண்டி அதை ‘நாற்பது கிலோமீட்டர் வேகம்’ என்று படித்துக்கொண்டு போய்விடும். இந்த வகை ஸ்டிக்கர்களை எங்கள் ஊரில் யாரோ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். யார், எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த வழிக்குக் காவலாக இருந்தது ஒரே ஒரு ஆள், ஒரு தகட்டோடு.

என் வேலை அதற்கு அடுத்த கட்டம். சார்ஜ் கூடத்துக்கு மேலே, முன்பு சாமான் போட்டுவைத்த அறை ஒன்று பாதுகாப்பு அறையாகியிருந்தது. சாயங்காலம் சுரண்டியண்ணன் உறைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார். உறையின் மேல் எந்தப் பலகை, எத்தனை மணி என்று எழுதியிருக்கும். நான் ஸ்டிக்கரை எடுத்து வெள்ளை அட்டையில் கோந்து தடவி ஒட்டி, எண் போட்டு, படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, அட்டையை இரும்பு அலமாரியில் வைப்பேன். அங்கிருந்து எப்போதாவது வரும் பரிசோதனைக் குழு சோதனைக்கு ஒன்றை எடுத்தால், அட்டையின் பின்புறம் சீல் போட்டுக் குறித்துவிட்டுப் போகும். பேச்சு அதிகம் வராத எனக்கு ஏற்ற வேலை. மேசை இழுப்பறையில் கவிதைப் புத்தகம் ஒன்று இருக்கும். அதை ஒருமுறை அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து நான் புலவர்.

“என்ன புலவரே, இன்னிக்கு ரெண்டுதான். ஒட்டுறவனுக்கு உடம்பு சரியில்ல போல.”

ஒருநாள் அவர் கொண்டுவந்த ஸ்டிக்கர் ஏற்கெனவே என்னிடம் இருந்த ஒன்றின் அச்சாக இருந்தது.

“இது இருக்குண்ணே. இருபத்திரண்டாம் அட்டையில.”

“அப்ப இதை என்ன பண்ணுவே?”

“குப்பைதான்.”

அவர் கொஞ்சம் தயங்கினார். “குப்பைக்குப் போறதைச் சின்னவனுக்குக் கொடுக்கட்டுமா? அவனுக்கு இதுன்னா உயிர்.”

விதிப்படி கழித்துப் போடுவதையும் நறுக்கித்தான் போட வேண்டும். நான் வாசலைப் பார்த்தேன். மேடம் இல்லை. தலையாட்டினேன். வாயைத் திறந்து சரி என்றுகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரட்டிப்பாக வந்ததெல்லாம் சின்னவனுக்கு என்று வழக்கமாகிவிட்டது.

சின்னவன் அவருடைய தம்பி. முப்பத்தெட்டு வயது. தாடியில் நரை விழத் தொடங்கியிருந்தது. ஆனால் ஆறேழு வயதில் எங்கோ நின்றுவிட்டான். அவர் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கப் போனபோது அவனை முதல்முறை பார்த்தேன். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள் அவர்கள் வீடு. படிக்கட்டில் ஏறும்போதே இஸ்திரிச் சூட்டின் வாசனை கூட வரும். உள்ளே எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், இரண்டு பாய், ஒரே நிறத்தில் இரண்டு துண்டு. ஒன்று மாறினால்கூடச் சின்னவன் சாப்பிட மாட்டானாம்.

“கல்யாணம் பண்ணிக்கலையாண்ணே?” என்று கேட்டுவிட்டேன். எனக்கே என் தைரியம் புரியவில்லை.

“பண்ணினேனே. ரெண்டு வருஷம் இருந்தா. அப்புறம் அவனா நானான்னு கேட்டா. கேட்டு முடிக்கறதுக்குள்ள அவளுக்கே பதில் தெரிஞ்சுபோச்சு.” சிரித்தார். “நல்லவதான். என் நேரம்.”

சின்னவன் எனக்குத் தன் நோட்டைக் காட்டினான். காட்டுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கோடு போடாத பெரிய நோட்டு. பக்கத்துக்கு ஒரு கட்டம். ஸ்டிக்கர் கையில் வந்ததும் முதலில் அதை வைத்து அளந்து, ஸ்கேல் பிடித்து, சிவப்புப் பென்சிலால் கட்டம் போடுவான். நாக்கு கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும். பிறகு கோந்து தடவி, கட்டத்துக்குள் ஒரு மயிரிழை பிசகாமல் ஒட்டுவான். ஒரு ஸ்டிக்கருக்கு அரை மணி நேரம். உலகத்தில் யாரோ வண்டிகளைக் கெடுப்பதற்காகச் செய்தவை, அந்த நோட்டில் ஒவ்வொன்றும் ஒரு சிவப்பு ஜன்னலுக்குள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தன.

“யாருக்கும் தர மாட்டேன்” என்றான்.

“கேக்கலையேடா” என்றார் அண்ணன்.

“கேட்டாலும்.”

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சின்னவன் இறங்கித் தெருமுனைக்கு வருவான். வீட்டிலிருந்து நான்காவது கட்டடம். அங்கே ‘நில்’ என்ற பலகை. அதன் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணனுக்காக நிற்பான். கடந்து போகும் ஒவ்வொரு வேனுக்கும் மற்றக் கையால் சல்யூட் அடிப்பான். சாலையோரத்தில் ஆள் நின்றால் வண்டி தானாக வேகத்தைக் குறைக்கும். அது தனக்குப் பதில் வணக்கம் என்று அவன் எடுத்துக்கொண்டான். அண்ணன் வந்ததும், எத்தனை பேர் வணக்கம் சொன்னார்கள் என்று கணக்கு ஒப்பிப்பான்.

அவனைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. நான்கு வருடம் முன்பு அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் சின்னவனைப் பதினோரு நாள் காப்பகத்தில் விட்டிருக்கிறார். திரும்பி வந்தவன் மூன்று மாதம் சிரிக்கவில்லை. அண்ணனின் சட்டை நுனியைப் பிடித்தபடியேதான் தூங்கினான். “அந்தப் பதினோரு நாளை நான் இன்னும் அடைச்சு முடிக்கல” என்று என்னிடம் சொன்னார். “எது போனாலும் சரி புலவரே, இன்னொரு தடவை அவனை அங்க விட மாட்டேன்.”

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்பு நான்கு நாள் நான் காய்ச்சலில் கிடந்தேன். செவ்வாய் காலை வேலைக்குத் திரும்பியபோது, விடியலில் பெய்த மழையில் சாலை இன்னும் ஈரமாக இருந்தது. ஒன்பது மணி இருக்கும். ஒன்பதாம் எண் வேன் சுரண்டியண்ணனின் தெருமுனையில் ‘நில்’ பலகையைத் தாண்டி நிற்காமல் போனது. குறுக்கே வந்த சரக்கு வண்டியைக் கண்டதும் அடித்த பிரேக்கில், இறங்குவதற்காக முன்கூட்டியே எழுந்து நின்ற ஒரு தையற்காரம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துபோனது. பலகையில் ஸ்டிக்கர் இருந்தது. அதற்குள் பதினான்கு வண்டிகளும் அந்த இடத்தில் நிற்க வேண்டாம் என்று தமக்குள் பேசி முடித்திருந்தன.

சுரண்டியண்ணன் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகிறவர். அந்தத் தெருவைத் திங்கட்கிழமைதான் துடைத்திருந்தார். அவர்தான் போய் ஸ்டிக்கரை எடுத்து, வழக்கம்போல உறையில் போட்டு, என் மேசைக்குக் கொண்டுவந்தார். அன்று ‘புலவரே’ என்று கூப்பிடவில்லை. நான் உறையைப் பிரித்தேன். ஸ்டிக்கரின் முதுகில் வெள்ளைக் காகிதத்தின் பிசிர் ஒட்டியிருந்தது. எங்கோ ஒரு தாளில் ஒட்டியிருந்ததைக் கிழித்து எடுத்த பிசிர்.

அவர் கட்டைவிரலை முகர்ந்து பார்த்தார். “ரெண்டு கோந்து வாசனை அடிக்குது” என்றார் மெதுவாக. “இது பழசு. மொதல்ல வேற எங்கேயோ ஒட்டியிருந்தது.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேர் மனதிலும் ஒரே நோட்டுதான் இருந்தது.

“வீட்டுக்குப் போய் நோட்டை ஒரு தடவை பார்த்துடுங்கண்ணே” என்றேன். எடுத்திருந்தால் ஒரு கட்டம் காலியாக இருக்குமே.

“பார்க்க மாட்டேன்.”

“ஏண்ணே?”

“பார்த்தா தெரிஞ்சிடும். தெரிஞ்சா, கேக்கிறவங்ககிட்ட மறைக்க எனக்கு வராது.”

மதியமே தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து என் இரும்பு அலமாரியை அப்படியே சீல் வைத்து எடுத்துப்போனார்கள். மறுநாள் மேடம் அவரைப் பாதுகாப்பு அறைக்குக் கூப்பிட்டார். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. நான் அறையில் இருப்பது பல பேருக்கு நினைவிருப்பதில்லை.

மேடம் திரையைத் திருப்பிக் காட்டினார். திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு வேன் கேமராவில் பதிந்த படம். சின்னவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெற்றிக்கு உயர்த்தி நிற்கிறான். படத்தில் பலகையின் முதுகுதான் தெரிந்தது.

“இவர் உங்க தம்பிதானே?”

“ஆமா மேடம்.”

“ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து வைப்பாராமே. தெருவுல சொல்றாங்க.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“இதைப் பாருங்க. பலகையில கைவைச்சா இப்ப சட்டம் ரொம்பக் கடுமை. உங்க தம்பி மாதிரி ஆளுன்னா ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க, காப்பகத்துக்கு அனுப்பிடுவாங்க. திரும்ப விட மாட்டாங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். நீங்க ஒட்டினதா எழுதிக் கொடுத்தீங்கன்னா, உள்ளுக்குள்ளயே முடிச்சிடலாம். வேலை போகும். அதோட சரி.”

சுரண்டியண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் எப்போதும் இருக்கும் கறுப்பு.

“நான்தான் ஒட்டினேன்” என்றார்.

“எதுக்கு?”

“கோபம்.”

“யார் மேல?”

யோசித்துப் பார்த்தார். அவருக்கு யார்மேலும் கோபம் கிடைக்கவில்லை. “வண்டி மேல” என்றார் கடைசியில்.

“எப்ப ஒட்டினீங்க?”

“திங்கட்கிழமை சாயந்திரம். போர்டைத் துடைச்சுட்டு ஒட்டினேன்.”

“எதுக்குத் துடைக்கணும்?”

“துடைக்காம ஒட்ட மனசு வரல மேடம்.”

ஒரு பொய்யை அதைவிட மோசமாகச் சொல்ல முடியாது. மேடம் அதை அப்படியே தட்டச்சு செய்தார். நான் என் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மை வெளியே வந்தால் சின்னவன் போவான் என்று நம்பினேன். வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்கு நான் செய்யும் உதவி என்று நினைத்தேன். அதோடு, அந்த ஸ்டிக்கர்களை வீட்டுக்குக் கொண்டுபோகத் தலையாட்டியது நான். ஸ்டிக்கர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டபோது, “திருடினேன்” என்று சொன்னார் அவர். அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. இதையெல்லாம் இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். தகட்டை என் மேசையில் வைத்தார். “முனை கொஞ்சம் மழுங்கிப்போச்சு. அடுத்து வர்றவங்களைத் தீட்டிக்கச் சொல்லு.”

உள்ளுக்குள் முடியவில்லை. பத்தாவது நாள் தலைமை அலுவலகம் அந்தக் காகிதத்தைப் போலீஸில் கொடுத்துவிட்டது. அந்தம்மாவின் முறிந்த இடுப்பு இருந்தது, செய்தி வெளியே போயிருந்தது, ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். கோர்ட்டுக்கு ஊன்றுகோலோடு வந்த தையற்காரம்மா, “எனக்கு இவர் மேல ஒண்ணும் இல்லீங்க, அவசரப்பட்டு எழுந்தது என் தப்பு” என்றார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்ட ஆளுக்கு விசாரணை எதற்கு? நான்கு மாதம் தண்டனை. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் தம்பியைக் காப்பகம் ஏற்றுக்கொள்ளும் என்றும் அதே தாளில் கீழே ஒரு வரி இருந்தது.

சின்னவனை அழைத்துப்போகக் காப்பகத்திலிருந்து வந்த அன்று நானும் போனேன். இரண்டு பேர் வந்திருந்தார்கள், தன்மையானவர்கள்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு துண்டு எடுத்துக் கட்டினார்கள்.

“ரெண்டு” என்றான் சின்னவன்.

“ஒண்ணு போதும்ப்பா” என்றார் வந்தவர்.

“ரெண்டு.”

கடைசியில் இரண்டு கட்டினார்கள். நோட்டை அவனே கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கார் தெருமுனையில் திரும்பும்போது எதிரே எங்கள் வேன் ஒன்று வந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து கை நெற்றிக்குப் போவது தெரிந்தது. காருக்குள் இருக்கிற ஆளுக்காக வண்டி வேகத்தைக் குறைக்காது. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

இரண்டு முறை காப்பகத்துக்குப் போனேன். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், தரை கழுவும் மருந்தின் நெடி. முதல்முறை என்னைப் பார்த்ததும், “அஞ்சு மணி ஆச்சா?” என்று கேட்டான். இல்லை என்றேன். இரண்டாம் முறையும் அதையே கேட்டான், குரல் சின்னதாகியிருந்தது. கையில் நோட்டு இல்லை. “யாராவது தொட்டாச் சண்டைக்குப் போறாருங்க, அதான் பூட்டி வெச்சிருக்கோம்” என்றார் காப்பாளர். அப்போதும் நான் ஒன்றும் சொல்லாமல்தான் வந்தேன்.

நான்காம் மாதத்தின் இரண்டாம் வாரத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் இறந்துபோனான். சுரண்டியண்ணனை இரண்டு காவலர்களோடு இரண்டு மணி நேரம் கூட்டிவந்தார்கள். அவர் அழவில்லை. தம்பியின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நேரமாச்சு என்று காவலர் சொன்னதும் விட்டார். அவர் விடுதலையாவதற்கு அன்றைக்குப் பதினெட்டு நாள் பாக்கி இருந்தது.

வெளியே வந்த மறுநாள் பணிமனைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். நகங்கள் சுத்தமாக இருந்தன, அதுதான் பார்க்கப் பொறுக்கவில்லை. மடியில் ஒரு காகிதப் பை.

“வாங்க புலவரே. டீ சொல்லியிருக்கேன்.”

பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். காப்பகத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

“நீ பாரு. என்னால முடியல.”

“எதுக்குண்ணே இப்ப?”

“இனி மறைக்கறதுக்கு யாரு இருக்கா? பாரு. எந்தக் கட்டம் காலியா இருக்குன்னு சொல்லு. அவன் எதை எடுத்துக் கொண்டுபோய் ஒட்டினான்னு தெரிஞ்சுக்கணும். எதுவா இருந்தாலும் அவனுக்குப் பிடிச்சதாத்தான் இருக்கும். தன்னோடதை அந்த வண்டிங்களுக்குக் காட்டியிருப்பான். அவ்வளவுதான்.”

பழக்கத்தில் என் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. பிறகு எடுத்து நோட்டைத் திறந்தேன். முதல் பக்கம், சிவப்புக் கட்டம், உள்ளே ஸ்டிக்கர். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று பக்கங்கள் ஒட்டியிருந்தான். அதற்கு மேல் வெற்றுத் தாள்கள். மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். ஒவ்வொரு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். கிழித்த தடம் இல்லை. பிசிர் இல்லை.

“என்ன?” என்றார்.

“எதுவும் காலியா இல்லண்ணே.”

“நல்லாப் பாத்தியா?”

“ரெண்டு தடவை பாத்தேன்.”

டீ வந்தது. ஆறியது. எதிரே கூடத்திலிருந்து ஒரு வேன் சத்தமில்லாமல் வெளியே வந்து, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கடக்கையில் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போனது.

“அப்ப அவன் இல்ல” என்றார்.

தெருவிலிருந்து கண்ணை எடுத்து நோட்டைப் பார்த்தார்.

“நீயாடான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இல்லைன்னு சொல்லியிருப்பான். அவனுக்கும் பொய் வராது.” நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். “கேக்காமலே நம்பிட்டேன் பாரு. ஊரே அவனைப் பைத்தியம்னு சொன்னப்ப நான் சண்டை போட்டிருக்கேன். ஆனா இதை அவன்தான் பண்ணியிருப்பான்னு மொதல்ல நினைச்சது யாரு? நான்.”

“நானும்தாண்ணே” என்றேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அந்த வாரமே சலவைக் கடை மாடியைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். எங்கே என்று கடைக்காரரிடமும் சொல்லவில்லை. காப்பகத்திலிருந்து திரும்பி வந்ததில் அவர் வீட்டில் விட்டுப்போனது ஒரு தட்டும் ஒரு டம்ளரும் மட்டும். அவர் வேலைக்குப் புதிதாக இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் துடைக்கிறார்கள், போகிறார்கள். பின்னால் ஏழு அடி நடப்பதில்லை.

அடுத்த வருடம் மேடம் பதவி உயர்ந்து தலைமை அலுவலகத்துக்குப் போனார். அதற்குச் சில நாள் கழித்து, விசாரணை முடிந்தது என்று சொல்லி என் இரும்பு அலமாரியைத் திருப்பி அனுப்பினார்கள். அட்டைகள் கலைந்து கிடந்தன. எண் பார்த்து அடுக்கத் தொடங்கினேன். முப்பத்தொன்றாம் அட்டை கையில் வந்தபோது நின்றேன். நானே கோந்து தடவி ஒட்டிய ஸ்டிக்கர் அதில் இல்லை. கிழித்து எடுத்திருந்தார்கள். அட்டையின் வெள்ளைத்தோல் உரிந்து பிசிர் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பினேன். பின்புறம், தலைமை அலுவலகத்தின் பரிசோதனைக் குழு போடும் சீல் இருந்தது. அதில் நான்கு கட்டங்கள். எடுத்தது எதற்கு: சாலையில் தாக்குதல் சோதனை, பயணிகள் இல்லாத ஒரு வண்டியோடு. மழையால் பாதியில் நிறுத்தம். ஒட்டிய இடமும் நேரமும்: சலவைக் கடைத் தெருமுனை, ‘நில்’ பலகை, அதே செவ்வாய், காலை ஐந்து நாற்பது. அனுமதித்தவர்: மேடத்தின் கையெழுத்து, முந்தின நாள், நான் காய்ச்சலில் கிடந்த திங்கட்கிழமைத் தேதியோடு. பலகையிலிருந்து திரும்ப எடுத்த நேரம் என்ற நான்காவது கட்டம் மட்டும் காலியாக இருந்தது.